முடிவு எப்போதும் கடைசி வரியில் இருப்பதில்லை

கேள்வி: அக்கா, எனக்குத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் நாலு வருடமாக வேலை பார்க்கிறேன். எம்.பி.ஏ. சேர ஜிமேட் எழுதப் போகிறேன். கணக்கு நன்றாக வருகிறது. ஒரு சின்னப் பத்தியில் இருக்கும் வாதத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங்தான் காலை வாருகிறது. ஐந்து விடைகளில் மூன்றை அடித்துவிடுகிறேன். மிச்சம் இருக்கும் இரண்டில் எப்போதும் தப்பானதையே தொடுகிறேன். இரண்டு வரியைத் தடித்த எழுத்தில் கொடுத்து, 'இவை இந்த வாதத்தில் என்ன வேலை செய்கின்றன' என்று கேட்டால் ஒன்றும் ஓடுவதில்லை. என் இங்கிலீஷ்தான் குறையா? மனசுக்குள் தமிழில் மாற்றிப் படிக்கிறேனே, அதை நிறுத்த வேண்டுமா?
– சித்தூர் தாலுகா வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நானும் கோபாலபுரம் பக்கத்தில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், பரீட்சையில் இங்கிலீஷ் என்று மூன்றுக்கும் நடுவில் வளர்ந்தவள். இந்த மாதிரித் தேர்வுக்கு நான் தயாரானபோது ஒரு பயிற்சி மையத்தில், "உனக்கு இங்கிலீஷ் போதாது, ஒரு வருடம் கதைப் புத்தகமாகப் படி" என்று சொல்லி அனுப்பினார்கள். படித்தேன். வார்த்தைகள் கூடின, வேகம் கூடியது, ஆனால் ரீசனிங் மதிப்பெண் இருந்த இடத்திலேயே நின்றது. அந்த ஒரு வருடம் வீணாகப் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அதனால் உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஐந்தில் மூன்றைச் சரியாக அடிக்கிற ஒருவருக்கு இங்கிலீஷ் குறை இல்லை. பத்தி உங்களுக்குப் புரிகிறது. பத்தியில் எந்த வரி எந்த வரியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

2023 நவம்பரில் ஜிமேட் மாறியபோது இலக்கணத் திருத்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வெர்பல் என்கிற மொழிப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 23 கேள்விகள். அவ்வளவும் பத்தி வாசிப்பும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும்தான். இலக்கணச் சுத்தத்தை வைத்து மதிப்பெண் எடுக்கிற வழி இனி இல்லை. வாதத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது சாதகமான மாற்றம்.

சரி, கோளாறு எங்கே? எனக்குத் தெரிந்தவரை, நம் மொழியின் பழக்கத்தில் இருக்கிறது. தமிழில் காரணம் முன்னால் வரும், முடிவு பின்னால் வரும். 'மழை பெய்ததால் வண்டி வரவில்லை' என்போம். ஒருவர் பேசத் தொடங்கினால் கடைசி வினைச்சொல் வரைக்கும் காத்திருந்துதான் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்துகொள்கிறோம். சின்ன வயதிலிருந்து காது அப்படியே பழகிவிட்டது. அதனால் ஒரு பத்தியைப் படித்தாலும், கடைசி வரிதான் முடிவு என்று நமக்கே தெரியாமல் எடுத்துக்கொள்கிறோம். இங்கிலீஷில் முடிவை முதல் வரியிலேயே போட்டுவிட்டு, 'பிகாஸ்', 'சின்ஸ்' என்று காரணத்தைப் பின்னால் அடுக்குவது சர்வசாதாரணம். தேர்வு எழுதுபவரைச் சோதிக்க வேண்டும் என்றால் முடிவை நடுவில் ஒளித்து வைப்பார்கள்.

உங்களுக்கு மலையாளம் தெரிந்திருக்கும். அங்கே ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, 'காரணம்' என்று ஒரு சொல்லைப் போட்டு, விளக்கத்தைப் பிறகு சொல்கிற வழக்கம் தாராளமாக உண்டு. எல்லையில் இருக்கும் நாமும் தமிழ் பேசும்போது அதை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 'அவன் வரமாட்டான், காரணம், அவங்க வீட்டில் விசேஷம்.' ஜிமேட் பத்தியைப் படிக்கும்போது இந்தக் காது வேண்டும். எல்லையில் வளர்ந்ததால் அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

முடிவை முதலில் சொல்வது தமிழுக்குப் புதிதும் அல்ல. மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடத்தைப் பாருங்கள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது முதலில் வருகிறது. அதற்குப் பெயர் பக்கம். புகை இருப்பதால் என்பது அடுத்து. அது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். நிறுவ வேண்டியதை முதலில் வைத்துவிட்டு ஆதாரத்தைப் பின்னால் கொண்டுவருகிறார்கள். காரணம் போலத் தோன்றி உண்மையில் காரணமாகாத ஒன்றுக்கு அங்கே 'ஏதுப்போலி' என்று பெயர். நீங்கள் மாட்டிக்கொள்ளும் அந்த இரண்டாவது விடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

முடிவு என்பது இதுதான்: பத்தியை எழுதியவர் உங்களை எதை நம்ப வைக்கப் பார்க்கிறார்? மற்ற எல்லா வரிகளும் அந்த ஒரு வரிக்கு வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்குப் பின்னணியாக இருக்க வேண்டும், அல்லது அவர் மறுக்கிற எதிர்க்கட்சியாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு வரியை எடுத்து நடுவில் 'ஆகவே' போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டையும் இடம் மாற்றி, மறுபடி 'ஆகவே' போட்டுப் பாருங்கள். எந்த வரிசையில் வாக்கியம் இயல்பாக நிற்கிறதோ, அதில் பின்னால் வருவதுதான் முடிவு.

ஒரு பத்தியை நானே எழுதிக் காட்டுகிறேன். விவரங்கள் பயிற்சிக்காகக் கற்பனை செய்தவை.

'முதலமடையில் இந்த வருடம் மாங்காய் வரத்து குறைந்ததற்குப் பூக்கிற நேரத்தில் பெய்த மழைதான் காரணம் என்று சில வியாபாரிகள் சொல்கிறார்கள். அது முக்கியக் காரணமாக இருக்க முடியாது. அதே மழை பெய்த பக்கத்துப் பஞ்சாயத்துத் தோப்புகளில் விளைச்சல் குறையவே இல்லை.'

முதல் வரி எழுதியவருடைய கருத்து அல்ல, வியாபாரிகளுடையது. கடைசி வரி ஒரு தகவல். நடுவில் இருக்கும் அந்தக் குட்டி வரிதான் முடிவு. இப்போது முதல் வரியையும் மூன்றாம் வரியையும் தடித்த எழுத்தில் போட்டால், அதுதான் உங்களைப் பயமுறுத்துகிற கேள்வி. பதில்: முதலாவது, ஆசிரியர் எதிர்க்கிற ஒரு விளக்கம். இரண்டாவது, அவருடைய முடிவுக்கு ஆதாரம். இந்தக் கேள்விகளில் விடைகள் எல்லாம் நீளமாக, ஒரே மாதிரிச் சொற்களோடு வரும். அவற்றைப் படிக்கும் முன்பே ஒவ்வொரு தடித்த வரியின் பக்கத்திலும் மனசுக்குள் இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். இது யாருடைய குரல்? இது முடிவின் பக்கமா, எதிர்ப் பக்கமா? இதைக் குறித்துவிட்டாலே ஐந்தில் மூன்று விடை பெரும்பாலும் கழிந்துவிடும், ஏனென்றால் பக்கத்தையே மாற்றிச் சொல்லியிருப்பார்கள். மிச்சம் இருப்பவற்றை 'ஆதாரமா, முடிவா, இடைமுடிவா' என்று பிரித்தால் போதும். இடைமுடிவு என்றால், ஒரு ஆதாரத்தின் மேல் நின்றுகொண்டு, மேலே இருக்கும் பெரிய முடிவைத் தாங்கும் வரி.

அதே மாங்காய்ப் பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்துத் தோப்பில் விளைச்சல் குறையவில்லை என்பதால் முதலமடையிலும் மழை காரணமில்லை என்று சொல்ல வேண்டுமானால், எழுதியவர் ஒன்றைச் சொல்லாமலே நம்பியிருக்கிறார். இரண்டு இடத்து மரங்களும் ஒரே சமயத்தில்தான் பூவில் இருந்தன என்று. முதலமடை மாங்காய் சந்தைக்குச் சீக்கிரமே வந்துவிடும் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பக்கத்துத் தோப்பு ஒரு மாதம் கழித்துப் பூத்திருந்தால்? மழை அதைத் தொட்டிருக்காது, வாதம் விழுந்துவிடும். ஒரு கருத்தை மறுத்துப் பார்த்தால் வாதம் விழுகிறது என்றால், அந்த வாதம் அதன் மேல்தான் நிற்கிறது. எடுகோள் கேள்விக்கு இதைவிட நம்பகமான சோதனை இல்லை. ஆனால் இதை ஐந்து விடைக்கும் செய்யாதீர்கள், நேரம் போய்விடும். கடைசி இரண்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

'எடுகோள்' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். தமிழில் 'அஸம்ப்ஷன்', 'இன்ஃபெரன்ஸ்' இரண்டையும் 'அனுமானம்' என்றே பல குறிப்பேடுகளில் எழுதிவிடுகிறார்கள். என்னிடம் படித்த பலர் இந்த ஒரு சொல்லால் குழம்பியதைப் பார்த்திருக்கிறேன். எடுகோள் வாதத்துக்கு அடியில் இருப்பது, சொல்லப்படாதது, அது இல்லாவிட்டால் முடிவு நிற்காது. அனுமானம் பத்திக்கு மேலே எழுவது. பத்தியில் இருக்கும் எல்லாமே உண்மை என்றால், இதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லக்கூடியது. ஒன்று அஸ்திவாரம், இன்னொன்று மேல்மாடி. கேள்வியைப் படித்தவுடன் எதைக் கேட்கிறார்கள் என்று தீர்மானித்துக்கொண்ட பிறகுதான் விடைகளுக்குப் போக வேண்டும்.

அடுத்து, அந்த 'கடைசி இரண்டு' விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காட்சியையே எடுத்துக்கொள்வோம். ஓணம் வந்தால் மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியில் பால் வண்டிகளை நிறுத்திப் பரிசோதிப்பார்கள். அதை வைத்து ஒரு வாதம், எண்கள் மறுபடியும் கற்பனைதான்:

'கலப்படம் என்று திருப்பி அனுப்பப்படும் பால் வண்டிகள் ஓண வாரத்தில் மற்ற வாரங்களைப் போல மூன்று மடங்கு. ஆகவே தேவை கூடுகிற ஓண வாரத்தில் வியாபாரிகள் கலப்படத்தையும் கூட்டுகிறார்கள்.'

இதைப் பலவீனமாக்குவது எது என்று கேள்வி. நீங்கள் மூன்றை அடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இரண்டு. ஒன்று: 'பால் வியாபாரிகளில் பலர் வருடம் முழுவதும் கலப்படமே செய்யாதவர்கள்.' இன்னொன்று: 'ஓண வாரத்தில் பரிசோதிக்கப்படும் வண்டிகள் மற்ற வாரங்களைப் போல ஆறு மடங்கு.'

முதல் விடை மனசுக்குப் பிடித்தமானது. 'வியாபாரிகள் கலப்படம் செய்கிறார்கள்' என்று பத்தி சொல்கிறது, இது 'செய்யாதவர்களும் உண்டு' என்கிறது. மோதுவது போலத் தெரிகிறது. ஆனால் முடிவு என்ன சொன்னது? ஓண வாரத்தில் கலப்படம் கூடுகிறது என்று சொன்னது. எல்லோரும் கலப்படக்காரர்கள் என்று சொல்லவே இல்லை. நேர்மையானவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், மிச்சம் இருப்பவர்கள் ஓணத்தில் கூட்டலாம். இந்த விடை, பத்தி சொல்லாத ஒரு முடிவைத் தாக்குகிறது.

இரண்டாவது விடையில் கலப்படம் என்ற சொல்லே இல்லை. வறட்டுத் தகவல் மாதிரி இருக்கிறது. ஆனால் ஆறு மடங்கு வண்டியைச் சோதித்து மூன்று மடங்குதான் பிடித்தார்கள் என்றால், சோதித்த வண்டிகளில் கலப்படத்தின் விகிதம் பாதியாகக் குறைந்திருக்கிறது. முடிவுக்கு அடியில் இருந்த மண்ணை இது எடுத்துவிடுகிறது. பத்தியில் எண்ணிக்கை இருந்தது, முடிவோ அளவைப் பற்றிப் பேசியது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் சரியான விடை உட்கார்ந்திருந்தது.

கடைசி இரண்டில் நீங்கள் தப்பானதைத் தொடுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். பத்தியின் பேச்சுப் பொருளோடு எது அதிகம் ஒட்டுகிறது என்று பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியது, முடிவின் சரியான சொற்களை எது தொடுகிறது என்பதை. இரண்டு விடையையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். திரும்பி முடிவுக்குப் போங்கள். முடிவில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு எல்லைக்கல். 'கூடுகிறது' என்றால் கூடுதல்தான், 'இருக்கிறது' அல்ல. 'முக்கியக் காரணம்' என்றால் ஒரே காரணம் அல்ல. 'லாபம்' என்றால் வருமானம் அல்ல. வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும் நம் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா, அந்தக் கண்தான் இதற்கும் வேண்டும்.

இடைவெளிகள் எண்ணற்றவை என்று பயப்பட வேண்டாம். அடிக்கடி வருபவை சிலதான். இரண்டு விஷயம் சேர்ந்து நடந்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்பார்கள். தலைகீழாக இருக்கலாம், அல்லது மூன்றாவது ஒன்று இரண்டையும் உண்டாக்கியிருக்கலாம். கொஞ்சம் பேரைக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் பொருந்தும் என்பார்கள். எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் இடம் மாற்றுவார்கள், மேலே பார்த்தோம். ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்திலும் பலிக்கும் என்பார்கள், மாங்காயில் பார்த்தோம்.

அப்புறம் திட்டங்கள். 'வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் காலையில் இன்னொரு பஸ் விட்டால், டூவீலரில் வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு மாறிவிடுவார்கள்' என்று ஒரு பத்தி. இந்தத் திட்டத்தை மதிப்பிட எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேள்வி. சரியான விடை ஒரு கேள்வியின் வடிவத்தில் இருக்கும்: 'அவர்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் பஸ் இருக்கிறதா?' அதற்கு 'இருக்கிறது' என்று ஒரு தடவை, 'இல்லை' என்று ஒரு தடவை பதில் வைத்துப் பாருங்கள். ஒரு பதிலில் திட்டம் நிற்கிறது, இன்னொன்றில் விழுகிறது. அப்படித் தராசு சாய வேண்டும். 'புது பஸ்ஸின் விலை என்ன' என்பதற்கு எந்தப் பதில் வந்தாலும் டூவீலர்க்காரர் மாறுவாரா என்பது தெரியாது. அதை விட்டுவிடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாந்தோப்பு பற்றியோ பால் வண்டி பற்றியோ உங்களுக்குத் தெரிந்தது, இடைவெளியைக் கண்டுபிடிக்க உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு விடை நிஜ உலகத்தில் உண்மையா என்று பார்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது. பலவீனமாக்கும் கேள்வியில் விடைகளை உண்மை என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 'ஆறு மடங்கு எல்லாம் சோதிக்க மாட்டார்கள்' என்று நீங்கள் வாதாடினால் சரியான விடையை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

அனுமானக் கேள்வியில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஒரு பஞ்சாயத்தில் மொத்தக் கிணறுகளின் எண்ணிக்கை மாறவில்லை, மோட்டார் வைத்த கிணறுகள் கூடின என்று பத்தி சொன்னால், மோட்டார் இல்லாத கிணறுகள் குறைந்திருக்கின்றன. அவ்வளவுதான் சொல்ல முடியும். நிலத்தடி நீர் இறங்குகிறது என்பது வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு உடனே தோன்றும். தோன்றினாலும் அது பத்தியில் இல்லை. இந்த வகையில் 'எல்லாம்', 'ஒருபோதும்', 'மட்டுமே' மாதிரிக் கனமான சொற்கள் உள்ள விடையைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அதைத் தாங்கப் பத்தியில் வலு இருக்காது. ஆனால் பலவீனமாக்குவதிலும் பலப்படுத்துவதிலும் கனமான விடைதான் பல சமயம் நல்ல விடை. இரண்டுக்கும் ஒரே விதியை வைத்துக்கொண்டு 'எக்ஸ்ட்ரீம் சொல் வந்தால் அடித்துவிடு' என்று சொல்லிக்கொடுப்பவர்களை நம்பாதீர்கள்.

நம் பேச்சு இங்கிலீஷே நம்மை ஏமாற்றும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 'ஆஃப்டர் ஆல் ஒரு பத்து ரூபாய்' என்று நாம் சொல்லும்போது 'வெறும்' என்ற பொருளில் சொல்கிறோம். தேர்வுப் பத்தியில் 'ஆஃப்டர் ஆல்' வந்தால் அதற்குப் பின்னால் வருவது காரணம், அதற்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் முடிவு. மிக நல்ல அடையாளம் இது, நம் ஆட்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே போல, நமக்கு 'டவுட்' என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அங்கே ஒரு விமர்சகர் ஒரு திட்டம் பலிக்கும் என்பதை 'டவுட்' செய்கிறார் என்றால், பலிக்காது என்று நினைக்கிறார் என்று பொருள், அதாவது ஒரு பக்கம் எடுத்துவிட்டார். 'சின்ஸ்' காலத்தையும் குறிக்கும், காரணத்தையும் குறிக்கும். வாக்கியத்தின் நடுவில் வரும் 'ஃபார்' சில சமயம் 'ஏனென்றால்'. 'சம்' என்றால் சிலர் மட்டும்தான் என்று நாம் எடுத்துக்கொள்வோம். தருக்கத்தில் குறைந்தது ஒருவர் இருந்தால் போதும், எல்லோருமாகவும் இருக்கலாம்.

தமிழில் மாற்றிப் படிப்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். முழுப் பத்தியையும் வரிக்கு வரி மாற்றாதீர்கள். நேரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாற்றும்போது காரணத்தை முன்னால் இழுத்து, முடிவைப் பின்னால் தள்ளி, வாதத்தின் உருவத்தையே கலைத்துவிடுகிறோம். ஆனால் பத்தியைப் படித்து முடித்தவுடன், முடிவை ஒரே வாக்கியமாக மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள். தயங்காமல் சொல்லுங்கள். 'மழை முக்கியக் காரணம் இல்லைங்கிறார். ஏன்? பக்கத்துல குறையலையாம்.' உங்கள் வீட்டுத் தமிழில் சொல்ல முடிந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். சொல்ல முடியாவிட்டால் விடைகளுக்குப் போகாமல் பத்திக்குத் திரும்புங்கள். என் வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் முன்னேறியது இந்த ஒரு பழக்கத்தால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதியைப் பத்திக்கும் முடிவுக்கும் கொடுத்துவிடுங்கள், விடைகளில் பறக்கலாம். முதல் மூன்று வாரம் கடிகாரமே வேண்டாம். தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு வெளியிடும் பழைய கேள்விகளை மட்டும் செய்யுங்கள். மற்ற இடங்களில் கிடைக்கும் கேள்விகளில் சரியான விடையே சில சமயம் ஏதுப்போலியாக இருக்கும், அதில் பழகினால் கண் கெட்டுவிடும். ஒவ்வொரு பகுதியிலும் கடைசியில் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ள இப்போது அனுமதிக்கிறார்கள். 'இரண்டில் ஒன்று' என்று தவித்த கேள்விக்கு அதைச் செலவழிக்காதீர்கள். அவசரத்தில் கேள்வியையே தப்பாகப் படித்தோமோ என்று தோன்றியதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் சிவில் சர்வீஸ் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முதல்நிலைத் தேர்வின் சிசாட் என்கிற திறனறித் தாளிலும் எடுகோள், அனுமானக் கேள்விகள் பத்திகளோடு வருகின்றன. 33 சதவீதம் வாங்கினால் போதும் என்று அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அங்கேதான் அடி விழுகிறது. மேலே சொன்னவை அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

உங்களுக்கு இன்னொரு பயிற்சி சொல்கிறேன், எல்லையில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைப்பது. பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தமிழ்ப் பத்திரிகையையும் ஒரு மலையாளப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தாகி, முன்தேதியிட்டு 1958 முதல் செல்லுபடியாகும் ஒப்பந்தம் அது. மணக்கடவில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. என்பது அதில் இருக்கிறது. அந்த எண்ணில் தகராறு இல்லை. அதே எண்ணிலிருந்து கிளம்பி இரண்டு கட்டுரைகள் வேறு வேறு முடிவுக்குப் போகும்போது, ஒவ்வொன்றும் எதைச் சொல்லாமல் நம்புகிறது என்று எழுதிப் பாருங்கள். மழை குறைந்த வருடத்தில் குறைவை யார் ஏற்க வேண்டும், எந்த மாதத்தில் தண்ணீர் வந்தால் பயிருக்கு உதவும் என்று சொல்லப்படாத கேள்விகள் அடியில் கிடக்கும். எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டு பக்கத்தின் எடுகோளையும் ஒரே நேர்மையோடு எழுதுவதுதான் பயிற்சி. நம் வயலுக்கு வரும் தண்ணீர் என்பதால் அது லேசில் வராது.

தப்பான கேள்விகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் சரியான விடையை எழுத வேண்டாம். நீங்கள் நினைத்த முடிவு எது, உண்மையான முடிவு எது, நீங்கள் தொட்ட விடை எதைத் தாக்கியது, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். இருபது கேள்வி ஆனதும் உங்கள் கை எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று நோட்டே காட்டிவிடும். சிலருக்கு முதல் வரி, சிலருக்குக் கடைசி வரி, சிலருக்கு எண்ணிக்கையும் விகிதமும்.

உங்கள் கடிதத்தோடு மூன்று கேள்விகளை அனுப்பியிருந்தீர்கள். அவை ஜிமேக்கின் சொத்து என்பதால் இங்கே எடுத்துப் போடவில்லை. ஆனால் மூன்றிலும் முடிவு கடைசி வரியில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த மூன்றையும் இன்று ராத்திரி மறுபடி எடுங்கள். விடைகளை ஒரு தாளால் மறைத்துவிட்டு, ஒவ்வொன்றின் முடிவையும் ஒரு வரித் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். விடை வேண்டாம், அந்த மூன்று வரி மட்டும் போதும்.

அன்புடன்,
அக்கா